செத்த சுறாவுக்குக் கழுத்து முளைக்கும் விதம்

பெரியவர்களே, தாய்மார்களே, கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

'தனுஷ்கோடியில் ராட்சத விலங்கு கரை ஒதுங்கியது' என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால், எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளாதீர்கள். படம் மெய்யாக இருக்கலாம், உடலும் மெய்யாக இருக்கலாம். அதற்குச் சூட்டிய பெயரில்தான் கோளாறு.

1977இல் நியூசிலாந்துக்கு அப்பால் சூயியோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் வலையில் சுமார் 10 மீட்டர் நீள அழுகல் உடல் ஒன்று ஏறியது. சின்னத் தலை, நீண்ட கழுத்து, துடுப்புகள். டைனோசர் காலத்து விலங்கு என்று ஊரெல்லாம் பேச்சு. உடலைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். நல்லவேளை, துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரை எடுத்து வைத்திருந்தார்கள். அதன் புரதம் சுறாவின் துடுப்பு நாரோடு ஒத்துப்போனது. பாஸ்கிங் சுறா என்னும் குளிர்கடல் சுறாதான் அது.

அப்படியானால் கழுத்து எங்கிருந்து வந்தது? சுறாவுக்கு உள்ளே இருப்பது குருத்தெலும்பு. அழுகும்போது தாடையும் செவுள் வளைவுகளும் சீக்கிரமே கழன்று விழும். மிஞ்சுவது சிறிய மண்டைக்கூடும் அதன் பின்னே நீளும் முதுகுத்தண்டும். பார்ப்பவருக்கு அது கழுத்து. வாலிலும் தண்டு மேல்மடலுக்குள் மட்டுமே ஓடுகிறது. கீழ்மடல் உதிர்ந்தால் பாம்பு வால் தயார். நம் மன்னார் வளைகுடாவில் பாஸ்கிங் சுறா இல்லை, திமிங்கலச் சுறா உண்டு; அதுவும் சுறாதான்.

திமிங்கலம் கெடுவது வேறு விதம். கறுப்புத் தோல் உரிந்து வெளுக்கும், நார் பிரிந்து வெள்ளை மயிர்போல் தொங்கும். 2003இல் சிலியில் ஒதுங்கிய சதைப்பிண்டம் மரபணுச் சோதனையில் ஸ்பெர்ம் திமிங்கலமாக முடிந்தது.

சில படங்களில் 'மெகலடான்' என்றும் '30 மீட்டர் விலங்கு' என்றும் எழுதியிருக்கும். மெகலடான் என்ற பழங்கால ராட்சதச் சுறா அழிந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். அங்கே 30 மீட்டர் விலங்கு தலைகீழாக நின்றால் வால் வெளியே ஆடும்!

படத்தில் முதலில் தூரத்தைப் பாருங்கள். கேமராவிலிருந்து உடல் 2 மீட்டரிலும் ஆள் 6 மீட்டரிலும் இருந்தால், ஆளோடு ஒப்பிட உடல் மூன்று மடங்கு பெருத்துத் தெரியும்.

கரையில் நேரே பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே ஓர் அளவுகோலைக் கிடத்திப் படம் எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவுவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும்; வயிற்று உப்பலின் மேல் நாடாவை ஓட்டினால் நீளம் கூடிவிடும். வால் செங்குத்தா, கிடையா? செங்குத்தென்றால் சுறா, கிடையென்றால் திமிங்கலமோ ஓங்கில் என்னும் டால்பினோ ஆவுளியா என்னும் கடற்பசுவோ. வால் போயிருந்தால் முதுகுத்தண்டின் வட்டுகளைப் பாருங்கள். சுறாவின் வட்டு இருபுறமும் குழிந்திருக்கும், திமிங்கல எலும்பில் இறக்கைபோல் நீட்டங்கள் இருக்கும்.

உப்பிய உடலில் ஏறாதீர்கள், வாயு வெடிக்கும். அறுத்து எடுக்கவும் கூடாது. ஆவுளியாவும் திமிங்கலச் சுறாவும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுக்க வருகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: துண்டு எதில் போகிறது? மரபணு பார்க்க எத்தனால் வேண்டும், உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் மரபணு சிதைந்துவிடும்.