பர்கருக்குள் நம்ம கோலா

நேயர்களுக்கு வணக்கம்.

பர்கர் என்றாலே கடையில் வாங்கும் பண்டம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். பன்னுக்கு நடுவில் வைக்கும் அந்த வட்டை, இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாமல் பயறும் காயும் வைத்தே நம் அடுப்படியில் செய்துவிடலாம். மதுரைக்காரர்களுக்கு அது இன்னும் சுலபம். கோலா உருண்டை பிடித்துப் பழகிய கை நம்முடையது.

அமெரிக்காவில் 2016-ல், இறைச்சியே இல்லாமல் இறைச்சி மாதிரி இருக்கும் இம்பாசிபிள் பர்கர் வந்தது. இறைச்சி வாசனைக்காக, சோயா வேரில் இருக்கும் ஒரு புரதத்தை ஈஸ்ட் மூலம் தயாரித்து அதில் சேர்த்தார்கள். பின்னால் மாற்றிய கலவையில், வட்டு உதிராமல் இருக்க மெத்தில் செல்லுலோஸ் என்ற ஒட்டுப்பொருள். சூடு ஏற ஏற இறுகுவது அதன் குணம். வீட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கோலாவுக்குப் போடும் பொட்டுக்கடலை மாவு போதும். ஏற்கெனவே வறுபட்டது என்பதால் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், கடலை மாவு மாதிரி பச்சை வாசனை அடிக்காது.

ஆனால் ஈரம் கூடிப்போனால் எந்த மாவும் கைகொடுக்காது. கல்லில் போட்டதும் உதிர்ந்தால் மாவு பத்தவில்லை என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுகிறோம். வட்டு களிம்பாகிவிடுகிறது. கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

நான் மொச்சையில் செய்யச் சொல்வேன். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி மொச்சை கிடைத்தால் விடாதீர்கள். கால் கிலோவை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் பிதுக்கித் தோலை எடுத்து, குழையாமல் வேகவைத்து வடியுங்கள். அப்புறம் ஒரு பருத்தித் துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் விடுங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. இந்த அரை மணி நேரத்தை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதற்குள் சோழவந்தான் வாழைப்பூவில் கள்ளன் நீக்கி ஒரு கப் நறுக்கிவிடலாம். வழக்கமாக மோரில் போடுவோம். இங்கே பால் பொருள் கிடையாது என்பதால் அரிசி களைந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. இறைச்சியில் இருக்கும் நார் நாராக மெல்லும் சுகத்தை இந்தப் பூ தரும். உருளைக்கிழங்கைக் கொட்டிப் பிசைந்தால் அது கட்லெட்தான், பர்கர் ஆகாது.

சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை, பச்சை மிளகாயுடன் பூவையும் போட்டு, தண்ணீர் சுண்டிச் சிவக்கும்வரை வதக்கி ஆறவிடுங்கள். மொச்சையைக் கையால் ஒன்றிரண்டாக மசித்து, உப்பும் வதக்கலும் 3 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரம் லேசாக வெடித்தால் சரி. கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மாவு.

இனி கொழுப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும், மதுரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் ஃப்ரீசரில் உறையவைத்து, கரண்டியால் சுரண்டி, கடைசியாகத் தூவிப் பிசையுங்கள். கல் சூட்டில் அது வட்டுக்குள்ளேயே உருகும். கடிக்கும்போது வறட்சி தெரியாது.

விரல் கனத்தில் 8 வட்டு தேறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். கரண்டியால் அழுத்தாதீர்கள், எண்ணெய் வெளியே போய்விடும். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.

பன்னில் பால், முட்டை இருக்கிறதா என்று பேக்கரியில் கேட்டு வாங்குங்கள். வெட்டிய பக்கத்தை அதே கல்லில் சுட்டுக்கொள்ளுங்கள். மயோனைஸுக்குப் பதில், ஊறிய முந்திரியை எலுமிச்சைச் சாறும் பூண்டும் விட்டு அரைத்தால் போதும். எனக்குக் காரச் சட்னியே பிடிக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புரதத்துக்கு மொச்சை உண்டு. பி12 வைட்டமின் இதில் கிடையாது. பால், முட்டை எல்லாவற்றையும் விட்டவர்கள் அதற்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீந்த வட்டுகளைச் சுடாமல், இடையில் வாழையிலைத் துண்டு வைத்து ஃப்ரீசரில் அடுக்கலாம். எடுத்து அப்படியே கல்லில் போடுங்கள், தீயை மட்டும் குறைத்து வையுங்கள்.

வணக்கம்.