கோவிவன் என்றொரு நாய்: வழியோர நடுகற்களை எப்படிப் பார்ப்பது?

[காட்சி: கல்லில் செதுக்கிய நாய், மிக அருகில்]

திரையில் தெரிகிற இந்த நாய்க்குப் பெயர் உண்டு. கோவிவன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் இது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கிட்டத்தட்ட 1,400 ஆண்டுகளுக்கு முன்னால். எருமைகளைக் காக்கப் போராடி கருந்தேவகத்தி என்ற வீரன் உயிரை விட்டான். அவனுக்குக் கல் நட்டவர்கள், கூடவே நாயையும் செதுக்கினார்கள். கள்ளனைக் கடித்து அது 'காத்திருந்தவாறு' என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இன்று ஒரு புகைப்படத்துக்குக் கீழே நாம் எழுதும் வரி மாதிரியே இருக்கிறது. எனக்கு இந்தக் கல் மேல் தனிப் பிரியம். அரசனின் பேர் ஆண்டுக் கணக்குக்காக வருகிறது. நாயின் பேர் நன்றிக்காக வருகிறது.

[காட்சி: மலையடிவாரம், ஒற்றையடிப் பாதை]

இந்தக் கற்களை ஏன் வழியோரத்தில் நட்டார்கள்? அகநானூறே சொல்கிறது: 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்'. அதர் என்றால் வழி. வீரனின் பேரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிதோறும் நட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அவன் கதை தெரியும், வழிப்போக்கனுக்குத் தெரியாதே! கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரைக்கும் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்றின் வாசகம் மொத்தமே இவ்வளவுதான்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்து போவது. கூடலூரில் நடந்த அந்தச் சண்டையில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். யார், எங்கே, எதற்காக எல்லாம் வந்துவிட்டது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

செங்கம் பக்கத்து நடுகற்களில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'பட்டான்' என்றால் சண்டையில் இறந்தான். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று பார்த்தால், பறிபோன மாடுகளை மீட்டுவிட்டு உயிரை விட்டவன் என்று புரிந்துகொள்ளலாம். கொங்குப் பக்கம் போனால் புலியோடு மோதி இறந்தவர்களின் புலிகுத்திக் கற்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி அது.

[காட்சி: சாலையோரம், இரண்டு கற்கள் மேல் படுக்கையாக ஒரு கல்]

இது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் சுமையை இறக்கி வைக்கவும், திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை வைக்கும் வழக்கம் உண்டு. அவள் வயிற்றுச் சுமை இறங்காமலே போய்விட்டது. போகிறவர் வருகிறவர் சுமையாவது இங்கே இறங்கட்டும், அதில் அவள் ஆன்மா ஆறட்டும் என்ற நம்பிக்கை. சிலவற்றில் பேர் வெட்டியிருக்கும், பலவற்றில் இருக்காது. தலைச்சுமையாக நடப்பவர்கள் குறைந்ததும் இதன் வேலையும் போயிற்று. இப்போது பலர் இதை உட்காரும் திண்டாகத்தான் பார்க்கிறார்கள். சொல்லும்போதே மனசு கனக்கிறது.

சாலை அகலமாகும்போது இந்தக் கற்களெல்லாம் பெயர்ந்து மண்ணுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. அகநானூற்றில் இதற்கும் ஒரு காட்சி உண்டு. உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் ஏறி, நடுகல்லின் தலை சிதைந்திருக்கிறது. சூட்டிய பூமாலை வாடிவிட்டது. கூர் உளியால் வெட்டிய எழுத்தில் சில கோடுகள் மறைந்துபோனதால், வழிப்போக்கர்கள் வேறு எதையோ படித்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு வண்டிச் சக்கரம், இன்றைக்கு ஜேசிபி.

அதனால் சாலையோரம் சாய்ந்து கிடக்கும் கல்லைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் அந்தக் கல்லை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் 'வேடியப்பன்' என்று சொன்னால், அங்கே நிற்பது நடுகல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் சாத்திக் கும்பிடுகிற மக்களைக் குறை சொல்லாதீர்கள். பல கற்களை இத்தனை காலம் காப்பாற்றியது அந்தக் கும்பிடுதான். ஆனால் பெயின்ட் அடித்தால் எழுத்து மூடிப்போகும். ஆணியால் சுரண்டவும் வேண்டாம், கல்லை நகர்த்தவும் வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

படம் எடுக்க உச்சி வெயில் உதவாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் வேண்டும். அப்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். இருட்டிவிட்டால் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

[காட்சி: இருட்டு, கல்லின் ஓரத்திலிருந்து வெளிச்சம் மெல்ல நகர்கிறது]

இதோ, 'தொறு' தெரிகிறது. கீழ் வரியில் 'பட்டான்'. பேர் இன்னும் பிடிபடவில்லை. டார்ச்சைக் கொஞ்சம் இறக்குங்கள்... இன்னும் கொஞ்சம்...