வெளிநாட்டில் இருக்கும் துணையோடு சேர எந்த விசா? முதலில் அவர் கையில் இருக்கும் அட்டையைப் பாருங்கள்

[திரையில்: ஒரு பாஸ்போர்ட், பக்கத்தில் ஒரு குடியிருப்பு அட்டை]

வணக்கம்.

"ஸ்பவுஸ் விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?" எல்லாரும் முதல்ல கேக்கிறது இதுதான். ஆனா வரிசைப்படி பார்த்தா இது கடைசியா வரவேண்டிய கேள்வி. அங்க இருக்கிற உங்க துணை எந்த அந்தஸ்துல இருக்கார்? குடிமகனா, நிரந்தரக் குடியிருப்பு வாங்கினவரா, வேலை விசாவா, படிப்பு விசாவா? உங்க விசாவோட பேர் அதை வெச்சுத்தான் முடிவாகுது. அதனால இந்த வீடியோவை நிறுத்திட்டு, அவரோட விசா இல்லன்னா குடியிருப்பு அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுல இருக்கிற வகைப் பெயரும் காலாவதித் தேதியும் நமக்கு வேணும்.

[திரையில்: அமெரிக்கா]

அமெரிக்காவை எடுத்துக்குவோம். துணை குடிமகனா இருந்தா, அவர் ஐ-130 மனு, அதாவது சொந்தக்காரரைக் குடியேற்றத்துக்குக் கூப்பிடற மனு, போடுவார். இந்த வகைக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. மனு ஒப்புதலாகி, பேப்பர் சரியா இருந்தா நேரா இன்டர்வியூதான். அதே துணை கிரீன் கார்டு மட்டும் வெச்சிருந்தா, அதே ஐ-130தான், ஆனா நீங்க எஃப்2ஏ, அதாவது கிரீன் கார்டுக்காரரோட துணை, குழந்தைகளுக்கான வரிசைல நிப்பீங்க. இதுக்கு வரம்பு உண்டு. மனு போட்ட தேதிதான் உங்க டோக்கன் நம்பர் மாதிரி. மாசாமாசம் அமெரிக்க அரசு வெளியிடற விசா புல்லட்டின்ங்கிற தேதிப் பட்டியல்ல அந்தத் தேதி எட்டினாத்தான் கதவு திறக்கும்.

வரிசைல நிக்கும்போதே துணை குடியுரிமை வாங்கிட்டா, உங்க மனு வரம்பில்லாத வகைக்கு மாறிடும். நல்ல செய்திதான். ஆனா குழந்தை இருக்கிறவங்க இங்க கவனிக்கணும். எஃப்2ஏல குழந்தை உங்க மனுவுலயே ஒட்டிக்கிட்டு வந்துடும். குடிமகனோட துணைங்கிற வகைல அப்படி ஒட்ட முடியாது, குழந்தைக்குத் தனி ஐ-130 வேணும். இது தெரியாம உங்க விசா மட்டும் வந்து, குழந்தையோடது வராம நிக்கிற நிலைமை வரலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற நாள்லயே குழந்தைக்கான மனுவையும் யோசிச்சு வெச்சுக்கங்க.

துணை வேலை விசாலயோ படிப்பு விசாலயோ இருந்தா, நீங்க டிபெண்டன்ட், அதாவது அவரோட விசாவை ஒட்டி வர்றவர். இங்க எழுத்து ஒண்ணு மாறினா வாழ்க்கையே மாறும். எச்-1பி வேலை விசாக்காரரோட துணைக்கு எச்-4. வேலை செய்யலாமா? துணைக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக முதலாளி போடற மனு, ஒப்புதல் ஆகியிருக்கணும், இல்லன்னா எச்-1பியோட ஆறு வருஷ வரம்பைத் தாண்டி நீட்டிப்பு வாங்கியிருக்கணும். அப்பதான் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கவே முடியும். கம்பெனிக்குள்ளயே மாற்றலாகி வர்ற எல்-1 காரரோட துணைக்கு எல்-2. 2021 நவம்பர்லேருந்து இவங்களுக்கு அந்தஸ்தோடயே வேலை உரிமையும் சேர்ந்து வருது. ஐ-94ங்கிற நுழைவுப் பதிவுல "எல்-2எஸ்"னு இருக்கான்னு பாத்துக்கங்க. மாணவரோட துணைக்கு எஃப்-2. வேலை கிடையாது, பட்டப்படிப்பை முழுநேரமா படிக்கவும் முடியாது. உங்களுக்கு ஒரு நல்ல வேலை கையில இருந்தா, அதை விட்டுட்டு எஃப்-2ல போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க.

[திரையில்: பிரிட்டன், கனடா]

மத்த நாடுகள்லயும் இதே கதைதான், விவரம் வேற. பிரிட்டன்ல 2024 ஜனவரிக்குப் பிறகு படிப்பு தொடங்கின மாணவர்கள்ல, பிஎச்.டி. மாதிரி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவங்களும், அரசு உதவித்தொகைல படிக்கிற சிலரும்தான் துணையைக் கூட்டிட்டு வர முடியும். சாதாரண எம்.எஸ்சி., எம்.பி.ஏ.ன்னா முடியாது. கேர் ஒர்க்கரா 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த விசாவுக்குள்ள வந்தவங்களுக்கும் முடியாது. கனடால 2025 ஜனவரி 21லேருந்து, மாணவரோட துணைக்கு ஓபன் ஒர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளிகிட்டயும் வேலை செய்யற அனுமதி, வேணும்னா அவர் 16 மாசமோ அதுக்கு மேலயோ உள்ள முதுகலைப் படிப்பு, டாக்டர் பட்டம், இல்ல குறிப்பிட்ட சில தொழில்முறைப் படிப்புல இருக்கணும். வேலைல இருக்கிறவரா இருந்தா, அவரோட வேலை வகை அரசு சொல்ற பட்டியல்ல இருக்கணும், உங்க விண்ணப்பத்தப்போ அவரோட பெர்மிட்ல இன்னும் 16 மாசமாவது பாக்கி இருக்கணும். காலாவதித் தேதியை முதல்லயே கேட்டது இதுக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு விசித்திரம் இருக்கு. ஜெர்மன் குடிமகனோட வெளிநாட்டுத் துணை ஜெர்மனிக்கு வர, பொதுவா ஏ1 அளவு ஜெர்மன் மொழித் தேர்வு எழுதணும். அதே ஜெர்மனில வேலை செய்யற ஒரு பிரெஞ்சுக்காரரோட துணைக்கு அது வேண்டாம், நுழைவு விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. ஏன்னா, வேற உறுப்பு நாட்டுக்குக் குடிபோன ஐரோப்பியக் குடிமகனுக்கு, சுதந்திரமாக் குடிபெயர்றது பத்தின ஒன்றியத்தோட 2004/38 உத்தரவு பொருந்தும். சொந்த நாட்டுலயே இருக்கிறவருக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். ஜெர்மனில ப்ளூ கார்டு, அதாவது உயர்படிப்பு வேலைக்காரங்களுக்கான அனுமதி அட்டை, வெச்சிருக்கிறவரோட துணைக்கும் மொழித் தேர்வு விலக்கு உண்டு. இது தெரியாம மாசக்கணக்கா வகுப்புக்குப் போறவங்க இருக்காங்க. மொழி கத்துக்கிறது நல்லதுதான், ஆனா அதுக்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

[திரையில்: மணமானவர் / மணக்கப்போகிறவர் / சேர்ந்து வாழ்பவர்]

ரெண்டாவது கேள்வி, சட்டப்படி உங்க உறவு என்ன?

இன்னும் கல்யாணம் ஆகலன்னா, அமெரிக்கால கே-1 விசா. மனு போடுறவர் குடிமகனா இருக்கணும், கிரீன் கார்டு போதாது. மனு போடறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள நேர்ல சந்திச்சிருக்கணும். இறங்கின 90 நாளுக்குள்ள அவரையேதான் கல்யாணம் பண்ணணும்; வேற யாரையாவது பண்ணிக்கிட்டு அங்கயே தங்க வழி இல்லை. கல்யாணத்துக்கப்புறம் கிரீன் கார்டுக்குத் தனியா ஐ-485 விண்ணப்பம் போட்டு, தனியாக் கட்டணம் கட்டி, வேலை அனுமதி வர்றவரைக்கும் வீட்டுல இருக்கணும்.

எங்க கருத்து: அமெரிக்காவுக்கு வெளியிலயே சட்டப்படி கல்யாணம் பதிவு பண்ண முடியும்னா, துணைக்கான குடியேற்ற விசாதான் மேல். நீங்க விமானத்தை விட்டு இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர், வேலைக்குத் தடை இல்லை. கே-1க்கு அர்த்தம் இருக்கிற இடங்கள் உண்டு. சொந்த நாட்டுச் சட்டம் உங்க கல்யாணத்தை ஏத்துக்காத நிலைமை ஒண்ணு. இன்னொண்ணு, உங்களுக்கு 18லேருந்து 20 வயசுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு, அது துணையோட பிள்ளை இல்லன்னா. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை உறவுல மனு போட பிள்ளைக்கு 18 ஆகறதுக்குள்ள கல்யாணம் நடந்திருக்கணும். ஆனா கே-1ல பிள்ளை 21 வயசுக்குள்ள கே-2 விசால கூட வரலாம்.

கே-1ல நிறைய பேர் சறுக்குறது ஒரு இடத்துல. மனு போட்டுட்டு, காத்திருக்கிற நேரத்துல சொந்தக்காரங்களுக்காக ஒரு சடங்கு வெச்சிடுவாங்க. பதிவு பண்ணலயே, அது கணக்குல வராதுன்னு நினைப்பு. இன்டர்வியூல அந்தப் போட்டோவைப் பாத்த அதிகாரி, "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே"ன்னு சொல்லிடலாம். ஆகலன்னா கே-1, ஆச்சுன்னா ஐ-130. ரெண்டுக்கும் நடுவுல நிக்கக் கூடாது.

பிரிட்டன்ல ஃபியான்சே விசா 6 மாசம், வேலை கிடையாது. ஆஸ்திரேலியால சப்கிளாஸ் 300, 9லேருந்து 15 மாசம் வரைக்கும், வேலை செய்யலாம். கனடால ஃபியான்சே விசான்னே ஒண்ணு இல்லை.

கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழறவங்களுக்கு அமெரிக்கால குடியேற்ற வழி கிடையாது. கனடால 12 மாசம் தொடர்ச்சியா ஒரே வீட்டுல வாழ்ந்திருக்கணும். ஆஸ்திரேலியாலயும் 12 மாசம்தான், ஆனா உறவைச் சில மாநிலங்கள்ல பதிவு பண்ணிட்டா அந்தக் காலக்கெடு விலகிடும். பிரிட்டன் 2024லேருந்து, ரெண்டு வருஷம் கல்யாணம் மாதிரியான உறவுல இருந்ததைக் காட்டினாப் போதும்ங்குது. ரெண்டு வருஷமும் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கணும்னு இல்லை.

வீடியோ கால்ல கல்யாணம் பண்ணவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடா, பொதுவா ரெண்டு பேரும் நேர்ல இல்லாத கல்யாணத்தைக் குடியேற்றத்துக்கு ஏத்துக்காது. அமெரிக்கா, அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் நேர்ல சேர்ந்து தாம்பத்தியம் நடத்தியிருந்தாத்தான் ஏத்துக்கும்.

[திரையில்: சுற்றுலா விசா, மேலே சிவப்புக் குறுக்குக்கோடு. பிறகு கோடு பாதி அழிகிறது]

"இப்போதைக்கு டூரிஸ்ட் விசால போய்டறேன், அங்க போய் மாத்திக்கலாம்." இந்த யோசனை நாட்டுக்கு நாடு வேற வேற விலை கேக்கும். அமெரிக்கால, தங்கற எண்ணத்தை மறைச்சு "சுத்திப் பாக்க வந்தேன்"னு அதிகாரிகிட்ட சொன்னா, அது பொய்த் தகவல். நிரூபணமானா வாழ்நாள் தடை, தனியா விலக்கு மனு போட்டாத்தான் நீங்கும். பிரிட்டன்ல விசிட்டரா உள்ள வந்தவர் அங்கிருந்தே துணை விசாவுக்கு மாற விதியே இல்லை, வெளிய போய்த்தான் போடணும். ஜெர்மனிக்கும் பெரும்பாலான நாட்டவர் குறுகிய கால ஷெங்கன் விசால போகாம, முதல்லயே நீண்ட காலம் தங்கற தேசிய விசா வாங்கிட்டுத்தான் போகணும்.

ஆஸ்திரேலியாவும் கனடாவும் கொஞ்சம் தளர்வு. ஆஸ்திரேலியால விசிட்டரா இருந்துக்கிட்டே 820ங்கிற துணை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனா உங்க விசாக் கடிதத்துல "8503"ங்கிற நிபந்தனை இருக்கான்னு பாருங்க. இருந்தா உள்ள இருந்து விண்ணப்பிக்கிற வழி அடைப்பு. 820 போட்டவங்களுக்கு, முடிவு வர்றவரைக்கும் தங்க பிரிட்ஜிங் விசா ஏ கிடைக்கும், அதுல நாட்டை விட்டு வெளிய போனா திரும்பி வர உரிமை இல்லை. அவசரமாப் போகணும்னா முன்னாடியே பிரிட்ஜிங் விசா பி வாங்கணும்.

கனடால ரெண்டு வகுப்பு இருக்கு. உள்ள இருந்து போடறது, வெளியிலேருந்து போடற ஃபேமிலி கிளாஸ். கனடாக்குள்ளயே இருந்தாலும் ரெண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம்ங்கிறது பலருக்குத் தெரியாது. ஃபேமிலி கிளாஸ்ல ரிஜெக்ட் ஆனா ஸ்பான்சர் மேல்முறையீடு போடலாம். உள்ள இருந்து போடற வகுப்புல அந்த உரிமை இல்லை. அடிக்கடி பயணம் போறவங்களுக்கும் ஃபேமிலி கிளாஸ்தான் நல்லது.

[திரையில்: சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில்]

அடுத்தது பணம். இதுல பிரிட்டன்தான் கறார். 2024 ஏப்ரல் 11லேருந்து வருமான வரம்பு வருஷம் 29,000 பவுண்டு. வெளியிலேருந்து விண்ணப்பிக்கும்போது உங்க துணையோட வருமானம்தான் கணக்கு. நீங்க இப்ப வெளிநாட்டுல வாங்கற சம்பளம் எவ்வளவா இருந்தாலும் சேராது. சம்பளம் பத்தலன்னா சேமிப்பு காட்டலாம். சேமிப்பை மட்டுமே காட்டறதா இருந்தா 88,500 பவுண்டு, 6 மாசம் கணக்குல அசையாம இருக்கணும். ரிஜெக்ட் ஆகறது பெரும்பாலும் தொகைல இல்லை, பேப்பர்ல. 6 மாசச் சம்பளச் சீட்டுல இருக்கிற நிகரத் தொகையும் வங்கில வரவான தொகையும் ஒவ்வொரு மாசமும் ஒத்துப்போகணும். கடைசிப் பேப்பர் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்குள்ள இருக்கணும். காசநோய்ப் பரிசோதனை கேக்கிற நாட்டுல இருந்தீங்கன்னா அந்தச் சான்றிதழ் 6 மாசம்தான் செல்லும். மத்த பேப்பர் தயாராகறதுக்கு முன்னாடி ஓடிப்போய் எடுக்காதீங்க.

அமெரிக்கால ஐ-864ங்கிற பணப்பொறுப்பு உறுதிமொழி குடுக்கணும், அதுக்குப் பொதுவா வறுமைக்கோட்டுக் கணக்குல 125 சதவீத வருமானம் வேணும். பத்தலன்னா கூட்டு ஸ்பான்சர் சேத்துக்கலாம். அந்தக் கூட்டு ஸ்பான்சர்கிட்ட நேர்மையா ஒண்ணு சொல்லிடுங்க: விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு போகாது. கனடால துணைக்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமானம் கிடையாது, ஆனா 3 வருஷப் பொறுப்பு உண்டு.

[திரையில்: பழைய விசா விண்ணப்பப் படிவம். "திருமண நிலை" என்ற கட்டம் பெரிதாகிறது]

உறவுக்கான ஆதாரம்னா வாட்ஸ்அப் சாட் ஆயிரம் பக்கம் இல்லை. ஆஸ்திரேலியா நாலு தலைப்பு சொல்லுது: பணம், வீட்டு நிர்வாகம், ஊர் உலகத்துக்கு உங்க உறவு தெரிஞ்ச விதம், ஒருத்தருக்கொருத்தர் உள்ள உறுதிப்பாடு. எந்த நாட்டு விண்ணப்பமா இருந்தாலும் இந்த நாலுலயும் நாலஞ்சு நல்ல ஆதாரம் வெச்சா வலுவா இருக்கும். சாட்ல மாசத்துக்கு ஒரு பக்கம், பயணச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை, ஒருத்தர் கணக்குலேருந்து இன்னொருத்தருக்குப் போன பணம். போட்டோக்குக் கீழ தேதி, இடம், யார் யார்னு எழுதுங்க.

இதைவிட முக்கியம், பழைய படிவங்கள். உங்க துணை முன்னாடி போட்ட எல்லா விண்ணப்பத்தையும் எடுத்துப் பாருங்க. கல்யாணத்துக்கப்புறம் போட்ட படிவத்துல "திருமணமாகாதவர்"னு இருந்தா, அதிகாரி கண்ணுல முதல்ல படறது அதுதான். கனடால இது ரொம்பக் கடுமை. ஒருத்தர் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு, வாங்கும்போது துணை இருந்ததைச் சொல்லாம விட்டு, அதனால அந்தத் துணையை அதிகாரிகள் பரிசோதிக்காம விட்டிருந்தா, பின்னாடி ஃபேமிலி கிளாஸ்ல பொதுவா ஸ்பான்சர் பண்ண முடியாது. பி.ஆர். விண்ணப்பம் ஓடும்போது கல்யாணம் ஆனாலும், இறங்கறதுக்கு முன்னாடி சொல்லியே ஆகணும். "அப்புறம் சேத்துக்கலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

[திரையில்: நாட்காட்டி, இரண்டு தேதிகள் வட்டமிடப்பட்டவை]

கடைசியா, அமெரிக்காவுக்குக் குடியேற்ற விசா வாங்கினவங்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. உள்ள நுழையற அன்னைக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியலன்னா, உங்களுக்கு சி.ஆர்-1, ரெண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டு. அது முடியறதுக்கு முந்தின 90 நாள்ல, நிபந்தனையை நீக்கக் கேக்கற ஐ-751 மனு போட்டு, உறவை மறுபடி நிரூபிக்கணும். ரெண்டு வருஷம் தாண்டி நுழைஞ்சா ஐ.ஆர்-1, 10 வருஷ அட்டை, அந்த வேலையே இல்லை. விசாவுல அச்சான காலாவதித் தேதிக்குள்ள உங்க ரெண்டாவது கல்யாண நாள் வருதுன்னா, அதுக்கு மறுநாளைக்கு டிக்கெட் போடுங்க. விசாவுல சி.ஆர்-1னுதான் அச்சாகியிருக்கும், அதனால கல்யாணச் சான்றிதழைக் கைப்பைல வெச்சுக்கிட்டு, விமான நிலைய அதிகாரிகிட்ட தேதியைக் காட்டி வகையை மாத்தி முத்திரை குத்தச் சொல்லுங்க.