காங்கிரீட் குளம் மிதக்குமா? சித்தப்பாவின் நீச்சல் குளமும் ஒரு சிங்கமும்

முப்பது டன் காங்கிரீட்டை மண்ணிலிருந்து தூக்க என்ன வேண்டும்? கிரேன் வேண்டாம். நாலு நாள் அடைமழையும், "குளம் பாசி பிடித்துக் கிடக்கு, தண்ணியை வடிச்சுட்டுத் தேய்ச்சிடலாம்" என்று சொல்கிற ஒரு மனிதரும் போதும். காலையில் எழுந்து பார்த்தால் நீச்சல் குளம் தரையை விட்டு மேலே எழும்பி, ஓரமெல்லாம் டைல்ஸ் வெடித்து, கரை தட்டிய கப்பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடக்கிற விபத்து. ஏன் என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

வணக்கம் மக்களே. பசியாறிவிட்டீர்களா? நான் நிற்பது மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட், என் சித்தப்பா வீட்டுக் கொல்லை. பின்னால் தெரிகிற செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனையெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், மலாயாவில் அவசரகாலம் பிறந்ததும் தனிக் கதை, அதற்கு இன்னொரு வீடியோ போடுகிறேன். இன்றைக்குத் தேவையானது இவ்வளவுதான்: என் தாத்தா முதன்முதலில் நீச்சல் குளத்தைப் பார்த்தது துரைமார் கிளப்பில். வேலிக்கு வெளியே நின்று, கையில் புல் வெட்டும் கத்தியோடு. அவருடைய மகன் இன்று தன் கொல்லையில் சொந்தமாக ஒன்று கட்டப் போகிறார். அதனால் சித்தப்பா கொஞ்சம் ஆடம்பரமாக யோசித்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

ஆனால் அவர் முதலில் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? சிங்கம். சுவரில் பதிக்கிற சிங்க முகம், வாயிலிருந்து அருவி கொட்டும். பம்பு என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் குளம் கட்டித் தர்ற குத்தகையாளர் பார்த்துக்குவார்டா தம்பி" என்றார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். சிங்கத்தை அடுத்த தீபாவளிக்குக்கூட வாங்கி ஒட்டலாம் சித்தப்பா. மண்ணுக்குள் போகிற குழாயை அப்புறம் மாற்ற முடியாது. பணத்தை முதலில் புதைக்கிற இடத்தில் போடுங்கள்.

சரி, அளவு. நீளம் 8 மீட்டர், அகலம் 4, சராசரி ஆழம் 1.3. பெருக்கினால் ஏறத்தாழ 42,000 லிட்டர். இருநூறு லிட்டர் எண்ணெய் டிரம்மில் 210 டிரம். டைவ் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், இந்த ஆழத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து போய்விடும். நின்று பேசுகிற குளம்தான் வீட்டுக்கு லாயக்கு. பத்து பேர் வந்தால் ஒன்பது பேர் நின்று பேசத்தான் போகிறார்கள்.

குளத்தின் உடம்பு எதில்? ஃபைபர்கிளாஸ் என்றால் செய்து முடித்த தொட்டியாக லோரியில் வரும், கிரேன் வைத்து இறக்க வேண்டும். சித்தப்பா வீட்டுச் சந்தில் மின்கம்பி தலைக்கு மேல் தொங்குகிறது, ஆகவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. காங்கிரீட், மேலே மொசைக். அடுத்தது.

இப்போது மிதக்கிற கதை.

காங்கிரீட் குளம் என்பது மண்ணில் புதைத்த படகு. நம் அளவுக்குத் தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், எடை சுமார் 30 டன். அது மண்ணுக்குள் பிடித்திருக்கிற இடத்தில் தண்ணீர் இருந்தால், அந்தத் தண்ணீரின் எடை சுமார் 55 டன். குளம் நிரம்பியிருக்கும்போது உள்ளேயிருக்கிற 42 டன் தண்ணீரும் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறது, பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறியிருக்கும்போது நீங்கள் உள்ளே இருப்பதை வடித்துவிட்டால்? கீழிருந்து 55 டன் தள்ளுகிறது, மேலிருந்து 30 டன்தான் அமுக்குகிறது. மீதியைச் சுற்றியுள்ள மண்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சேறாகிவிட்ட மண் எதைப் பிடிக்கும்? ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்ததை நம் ஆட்கள் கொல்லையில் கண்டுபிடிக்கிறார்கள்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. தரையின் அடியில் சரளைக்கல் படுகை, ஆழமான இடத்தில் ஒரு ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு. வெளியே அழுத்தம் கூடினால் அது தானே திறந்து நிலத்தடி நீரை உள்ளே விடும். கையடக்கச் சாமான். குத்தகையாளரின் விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். சித்தப்பாவின் பட்டியலில் சிங்கம் மூன்றாவது வரியில் இருந்தது, இது இல்லவே இல்லை.

[திரையில் பம்பு]

இனி எனக்குப் பிடித்த இடம். இந்த வீடியோவையே இதற்காகத்தான் எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துத் தண்ணீரை ஃபில்டர் வழியாகச் சுற்றவிட்டுச் சுத்தமாக வைப்பது பம்பு. ஒரு குதிரைத்திறன் சாதாரண பம்பு, நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்றும். அதற்கு ஒரே வேகம்தான் தெரியும். வேரியபிள் ஸ்பீடு பம்பு என்றால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பாதி வேகத்தில் பாதித் தண்ணீர் வரும், சரிதானே? கரண்டு எவ்வளவு குறையும் என்று நினைக்கிறீர்கள்? பாதி என்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

எட்டில் ஒரு பங்கு. பாதி இல்லை, கால் இல்லை, எட்டில் ஒன்று!

எப்படி? தண்ணீர் குழாய்க்குள் உரசிக்கொண்டு போகிறது. வேகம் பாதியானால் அந்த எதிர்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும். அப்படியென்றால் ஒவ்வொரு லிட்டரையும் தள்ளும் வேலை கால் பங்கு. போகிற லிட்டரும் பாதிதான். காலில் பாதி எவ்வளவு? எட்டில் ஒன்று.

இது என் தாத்தாவுக்கு முழங்காலிலேயே தெரிந்த கணக்கு. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, சைக்கிளில் போவார். சீக்கிரம் கிளம்பினால் பாட்டுப் பாடிக்கொண்டே மிதிக்கலாம். தாமதமாகிவிட்டது, இரண்டு மடங்கு வேகம் வேண்டும் என்றால், எதிர்க்காற்றை மட்டும் கணக்கில் எடுத்தாலே உடம்பு எட்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் போய் நிற்கும்போது நுரை தள்ளும், கணக்கெழுதும் கிராணி வேறு முறைப்பார். போய்ச் சேருகிற இடமோ ஒன்றுதான்.

பம்பும் அப்படித்தான். முழு வேகத்தில் மணிக்கு 12,000 லிட்டர் என்று வைப்போம். மீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோவாட். எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். அதே தண்ணீரைப் பாதி வேகத்தில் 16 மணி நேரம் ஓட்டுங்கள். ஏட்டுக்கணக்கில் 2 யூனிட்தான். மோட்டாரும் அதன் மின்னணுச் சாமான்களும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொள்ளும், ஆகவே 3 என்றே வையுங்கள். நாளுக்கு 5 யூனிட் மிச்சம், மாதத்துக்கு 150. ஒரு யூனிட் உங்களுக்கு எத்தனை காசு என்று பில்லைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். சத்தமும் குறைவு, பக்கத்து வீட்டு அக்காவும் நிம்மதியாகத் தூங்குவார். நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது, குளத்தை மூடிவைக்கும் மாதம் என்று ஒன்றும் இல்லை. வருஷம் 365 நாளும் இந்த மிச்சம் ஓடும்.

குழாயிலும் இதே கதைதான். ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டு அங்குலம் போட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அரை அங்குலம்தான் கூட! இதைச் சொன்னதும் சித்தப்பா முதல் தடவையாகக் கால்குலேட்டரை எடுத்தார். முழங்கை வளைவுகளையும் எண்ணச் சொன்னேன். பம்பு அறையைக் குளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் பாதி தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மெதுவாக ஓடும் பம்பால் சிங்கத்தின் வாயிலிருந்து அருவி கொட்டாது, எச்சில்தான் வடியும். அருவி வேண்டுமென்றால் விருந்தாளி வரும்போது மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்யவும், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி அழுக்கை வெளியேற்றவும், அதே கூடுதல் வேகம் வேண்டும்.

ஃபில்டர்: மணல். சொன்னதைவிட ஒரு சைஸ் பெரியது. கார்ட்ரிட்ஜ் இன்னும் பொடியான அழுக்கைப் பிடிக்கும், ஆனால் சித்தப்பா அதைக் கழற்றிக் கழுவுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து உப்பு. "உப்புத்தண்ணிக் குளத்தில் குளோரின் கிடையாதாமே" என்று சித்தி கேட்டார். இல்லை சித்தி, அதுவும் குளோரின்தான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, சால்ட் குளோரினேட்டர் என்ற பெட்டி அங்கேயே குளோரின் தயாரிக்கிறது. அது கிருமியைக் கொன்ற பிறகு மறுபடி உப்பாகிவிடும். கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் கண்ணீரில் சுமார் 9 கிராம். இந்தக் குளத்துக்கு மூன்றரை கிராம் போதும். அதாவது அழுதுகொண்டே நீந்தினால் குளத்தில் உப்பு கூடும். மொத்தக் குளத்துக்கும் 25 கிலோ மூட்டையில் ஆறு. தினம் குளோரின் கொட்டுகிற வேலை மிச்சம். ஆனால் அதன் டைட்டானியத் தகடுகள் சில வருஷத்தில் தேய்ந்துவிடும், மாற்றச் செலவாகும், அந்தப் பணத்தை இப்போதே உண்டியலில் போட ஆரம்பியுங்கள்.

மழை இங்கே வில்லன். ஒரே சாயங்காலத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,600 லிட்டர் நேராகக் குளத்தில் விழுகிறது. குளம் நிரம்பி வழியும்போது உங்கள் உப்பும் சேர்ந்து கால்வாயில் போகும். வெயிலோ குளோரினைத் தின்றுவிடும். அதனால் ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலம், பத்து லட்சத்தில் 30 முதல் 50 பங்கு. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2க்கும் 7.6க்கும் நடுவில். மழைக்கு மறுநாள் சோதனை செய்ய சித்தப்பாவின் சின்ன மகளை நியமித்திருக்கிறோம், சம்பளம் ஐஸ்கிரீம்.

சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். 2002இல் அமெரிக்காவில் ஒரு 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சும் விசையில் சிக்கி, மேலே வர முடியாமல் இறந்துபோனாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. நீங்கள் செய்ய வேண்டியது: தரையில் ஒரே வடிகால் போதாது, இரண்டு வேண்டும், ஒன்றுக்கொன்று மூன்றடிக்கு மேல் தள்ளி, ஒரே குழாயில் இணைத்து, தட்டையாக இல்லாமல் மேடான மூடியோடு. ஒன்றை உடம்பு அடைத்தாலும் மற்றது இழுத்துக்கொள்ளும். சுற்றிலும் வேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு. இதில் பேரம் பேசாதீர்கள்.

மொசைக் நிறம், விளக்கு எல்லாம் சித்தி முடிவு செய்துவிட்டார். வெளிர் நீலம். நல்லது, அடியில் தவளை கிடந்தால் உடனே தெரியும். தோட்டத்து ஊரில் குளம் கட்டினால் முதலில் நீந்துவது உங்கள் பிள்ளைகள் இல்லை, தவளைதான். அதைத் தேடிக்கொண்டு யார் வருவார் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரம்புத்தான் பழ மரத்தைக் குளத்தின் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள், இலையும் விழும், குரங்கும் விழும்.

நகராண்மைக் கழகத்தில் வரைபட அனுமதி கிடைத்ததும் தோண்ட ஆரம்பிப்போம், அதையும் படம் பிடிக்கிறேன், சந்தா பட்டனை அழுத்தி வையுங்கள். சித்தப்பா இரண்டு அங்குலக் குழாய்க்குச் சம்மதித்துவிட்டார், வால்வுக்கும் சம்மதித்துவிட்டார். சிங்கம் மட்டும் முந்தாநாளே லோரியில் வந்து இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சித்தி அதன் தலையில் மல்லிகைச் சரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.