8 ஜிபியா, 16 ஜிபியா? கிராபிக்ஸ் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி மதர்போர்டையும் பாருங்க

[திரையில்: மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கர், மாடல் எண்]

கார்டு தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க மானிட்டரோட ரெசல்யூஷன் (திரையில எத்தனை பிக்சல்), ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும், ஹெர்ட்ஸ் கணக்குல) ரெண்டையும் குறிச்சு வெச்சுக்குங்க. 1080பி திரையில சுமார் 21 லட்சம் பிக்சல். 1440பி-க்கு 37 லட்சம். 4கே போனா 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரையணும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல நொடிக்கு 140 ஃபிரேம் தர்ற கார்டைப் போட்டாலும் திரை காட்டப்போறது 60 தான். அந்த நிலைமையில கார்டுக்கான செலவைக் கொஞ்சம் குறைச்சு, மானிட்டரை மாத்துறதுதான் புத்திசாலித்தனம்.

[திரையில்: ஒரே கேம், 8 ஜிபி கார்டும் 16 ஜிபி கார்டும் பக்கத்துப் பக்கத்தில்]

இப்போ வீரேம், அதாவது கார்டுக்குள்ளயே இருக்குற மெமரி. டெக்ஸ்சர் (பொருள்கள் மேல ஒட்டுற படம்), நிழல், ரே ட்ரேசிங் (ஒளி போற பாதை) கணக்கு எல்லாம் இங்கதான் இருக்கும். இது நிரம்பிட்டா மிச்சம் கம்ப்யூட்டரோட ரேமுக்குப் போகும். திரும்ப வேணும்னா மதர்போர்டுல கார்டு மாட்டுற பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) ஸ்லாட் வழியாத்தான் வரணும். ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்குங்க. தன்னோட சொந்த மெமரியில இருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்கும். ஸ்லாட் வழியா வந்தா அதிகபட்சம் 16 ஜிபி கிட்ட. அதனாலதான் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நல்லா இருந்தும், ஒரு திருப்பத்துல கேமராவைத் திருப்பின உடனே கேம் திக்கித் திக்கி ஓடுது. சில கேம் திக்காம, சுவர், தரை டெக்ஸ்சரை மட்டும் மங்கலாக்கிடும். சராசரியை மட்டும் காட்டுற ரிவ்யூவுல இது தெரியாது. 1% லோ, அதாவது ரொம்ப மெதுவா வந்த 1% ஃபிரேம்களோட எஃப்பிஎஸ், எவ்வளவுன்னு பாருங்க.

ஸ்லாட் வழியா வர்ற அந்த நொடிக்கு 16 ஜிபி வேகமும் எல்லாருக்கும் கிடைக்காது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இதெல்லாம் முழு நீள ஸ்லாட்டுல உட்கார்ந்தாலும் 8 லேன்தான் (டேட்டா போற பாதை) பயன்படுத்தும். பி450 மாதிரி பழைய தலைமுறை பிசிஐஇ 3.0 மதர்போர்டுல போட்டா, 4.0-ல கிடைக்கிற அந்த வேகம் பாதியாகி நொடிக்கு 8 ஜிபி ஆயிடும். பி550 போர்டு வெச்சிருக்கீங்களா? பிராசசரையும் பாருங்க. ரைசன் 5 5600-ல 4.0 கிடைக்கும், 5600ஜி-ல 3.0 தான். முதல்ல 5600ஜி வாங்கிட்டு, பிறகு கார்டு போட்டுக்கலாம்னு பில்டு பண்றவங்க நிறையப் பேர், அவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும். ரைசன் 5 8500ஜி-ல கார்டுக்குன்னு கிடைக்கிறது 4 லேன் மட்டுமே. பழைய போர்டுக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கவே வாங்காதீங்க: 4 ஜிபி மெமரி, 4 லேன், ரெண்டு பக்கமும் அடி.

வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி கேம் மட்டும் 1080பி-ல ஆடுறவங்களுக்கு 8 ஜிபி தாராளம். புது சிங்கிள் பிளேயர் கேம், ஹை டெக்ஸ்சர், 1440பி-ன்னா 16 ஜிபிக்குக் கீழ இறங்காதீங்க. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ரெண்டும் அதே பேர்ல 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு விதமா விக்குது. பில் போடுறதுக்கு முன்னாடி பெட்டியில அந்த எண்ணைப் படிங்க. 9060 எக்ஸ்டிக்கு முழு 16 லேன் இருக்கு, அதனால பழைய போர்டுக்கு அதைத்தான் சொல்லுவோம். பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல வேலையும் சேர்த்துப் பண்றவங்க என்விடியா (ஆர்டிஎக்ஸ் கார்டு) பக்கம் போங்க. இன்டெல் ஆர்க் பி580-ல 12 ஜிபி இருக்கு, ஆனா பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்) ரீசைசபிள் பார், அதாவது பிராசசர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே நேரத்துல அணுக விடுற வசதி, ஆன் பண்ண முடியாத போர்டுல அது தடுமாறும்.

[திரையில்: பவர் சப்ளை கேபிள்கள், 6+2 பின் நெருக்கமாக]

பவர் சப்ளை. ஸ்லாட் 75 வாட் தரும், ஒரு 8 பின் கேபிள் 150 வாட். 5060 டிஐ 180 வாட் கார்டு. என்விடியா சொல்றது 600 வாட் சப்ளை. ரெண்டு 8 பின் கேக்குற கார்டுக்கு, ஒரே கேபிள்ல தொங்குற ரெண்டு தலையையும் மாட்டாம தனித்தனியா ரெண்டு கேபிள் இழுங்க. 4+4-ன்னு பிரியுறது பிராசசருக்கு, 6+2-ன்னு பிரியுறதுதான் கார்டுக்கு. இன்னொரு கம்பெனியோட மாடுலர் கேபிளை (சப்ளையில இருந்து கழட்டி மாட்டக்கூடியது) மாட்டவே கூடாது: சப்ளை பக்கம் பின் வரிசை மாறியிருக்கும், கார்டு எரிஞ்சு போகலாம். புது 16 பின் கனெக்டரா இருந்தா இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ளே அழுத்துங்க. அரைகுறையா நின்னா சூடேறி உருகும்.

கேஸ்ல கார்டு நீளம் அளக்கும்போது, முன்னாடி லிக்விட் கூலரோட ரேடியேட்டர் இருந்தா ஃபேனோட சேர்த்து 52 மில்லிமீட்டர் கிட்ட கழிச்சுக்குங்க.

[திரையில்: ஜிபியு-இசட் விண்டோ]

மாட்டியாச்சா? மானிட்டர் கேபிளை மதர்போர்டுல இல்ல, கார்டுல சொருகுங்க. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல ரெஃப்ரெஷ் ரேட் 60-லயே நிக்குதான்னு பாருங்க. அப்புறம் கார்டோட விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் படிங்க. சும்மா இருக்கும்போது பிசிஐஇ 1.1-னு காட்டும், மின்சாரம் மிச்சப்படுத்தத்தான். பக்கத்துல இருக்குற கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓட்டினா உண்மையான வேகத்துக்கு ஏறணும். 8500ஜி இல்லாத கம்ப்யூட்டர்ல 8 லேன் கார்டு 4 லேன்னு காட்டினா கார்டைக் கழட்டி, பிராசசருக்குப் பக்கத்துல இருக்குற மேல் ஸ்லாட்டுல, லாக் சத்தம் கேக்குற வரைக்கும் திரும்ப அழுத்தி மாட்டுங்க.