வளவு ஒன்று, அடுப்பு வேறு

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, வணக்கம். "ஒரே வேதத்தைச் சபைக்கொரு விதமாகப் படிப்பது பலமா, பலவீனமா?" வேதம்னா பைபிள். பலம்னு பேச வந்திருக்கேன். தலைப்பு கிடக்கட்டும். எதிரணி அண்ணன் ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்தாரே, அதுக்குப் பதில் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது.

"ஒரே வசனம். அதைப் படிச்சுட்டு ஒரு சபையில நகையைக் கழற்றுறான், அடுத்த சபையில 100 பவுன் கேட்கிறான்"னார். கைதட்டினீங்க. காரைக்குடியில நின்னுக்கிட்டு நகையைக் கழற்றுற பேச்சு! ஆச்சிமார் கை தன்னால கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன்.

அண்ணே, அது 1 பேதுரு 3:3. அலங்காரம் இதுல இருக்கக் கூடாதுன்னு அதுல மூணு சங்கதி இருக்கு: மயிரைப் பின்னுறது, பொன் நகை, உயர்ந்த வஸ்திரம். பெந்தெகொஸ்தே சபைகள் பலதுல பொன்னை எழுத்துப்படியே எடுத்துக்கிட்டாங்க. தாலி இல்லாமலே கல்யாணம் நடக்கும். சடைக்கு மட்டும் எப்படி விலக்குன்னு கேட்காதீங்க, சபைக்குச் சபை பதில் மாறும். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யும் 4-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படிச்சாங்க. சாந்தமான மனசுதான் அலங்காரம், நகையில குத்தமில்லைன்னு தாலியில சிலுவையைப் பொறிச்சுக் கட்டுறாங்க.

அந்த 100 பவுன்? அதுக்கு வசனமே கிடையாதுண்ணே! ஆதியாகமம் 29-ஐத் திறங்க. ராகேலுக்காக யாக்கோபு மாமனார்கிட்ட 7 வருஷம் வேலை பார்த்தார். விடிஞ்சு பார்த்தா பொண்ணு மாறிப்போச்சு, லேயாள்! ராகேலுக்கு இன்னொரு 7 வருஷம். ஆக 14 வருஷம் கொடுத்தது மாப்பிள்ளை. வசனப்படி நடக்கிறதுன்னா நம்ம மாப்பிள்ளைமாரெல்லாம் நாளைக்கே ஆடு மேய்க்கக் கிளம்பணும்!

அடுத்து, "ஒரு அப்பத்துக்கே ஒத்துப்போகாதவங்க"ன்னார். கடைசி இராப்போஜனத்துல இயேசு அப்பத்தை எடுத்து "இது என் சரீரம்"னாரே, அது மெய்யாவே சரீரமா, அடையாளமாங்கிற சண்டை. 1529 அக்டோபர், ஜெர்மனியில மார்பர்க் கோட்டை. ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட பிலிப், சபைச் சீர்திருத்தக்காரங்களான லூத்தரையும் சுவிங்லியையும் உட்கார வச்சுப் பேசச் சொல்றார். லூத்தர் சுண்ணக்கட்டியால மேசையில என்னமோ எழுதறார். எழுதிட்டுத் துணியைப் போட்டு மூடிட்டார். சுவிங்லி தரப்பு வாதாடுது: "நானே திராட்சச்செடின்னும் இயேசு சொன்னார், அதுக்காகச் செடியா ஆயிட்டார்? மாம்சம் ஒன்றுக்கும் உதவாதுன்னு யோவான் 6:63-ல இருக்கே." லூத்தர் அசையலை. "உங்க வசனத்தைக் காட்டுங்க!"ன்னுச்சு சுவிங்லி தரப்பு. லூத்தர் துணியைத் தூக்கினார். "இது என் சரீரம்." அவ்வளவுதான். இந்தப் பக்கம் எத்தனை வசனம் வந்தாலும், மனுஷன் அந்த மேசையை விட்டு நகரலை!

எதிரணி இதோட நிறுத்திக்கும். நான் நிறுத்த மாட்டேன். அந்தக் கோட்டையில எழுதினது 15 பிரிவு. 14-ல முழுசா ஒத்துப்போனாங்க. 15-ஆவதுலயும் அப்பத்தோட திராட்சரசமும் சபையாருக்குக் கொடுக்கணும்னு ஒரே பேச்சு. சரீரம் அப்பத்துல மெய்யாவே இருக்கான்னு மட்டும்தான் தீரலை. ஆனாலும் ஒருத்தருக்கொருத்தர் அன்பு காட்டணும்னு எழுதி, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுச்சு.

நம்ம செட்டிநாட்டு வளவு வீட்டுல, அதாவது கூட்டுக்குடும்ப வீட்டுல, மகனுக்குக் கல்யாணமானா வேறு வைக்கிறோம்ல? அடுப்பு தனி, குடும்பக் கணக்கான புள்ளி தனி, முகப்பு ஒண்ணுதான். சபைகளும் அப்படித்தான். விசுவாசத்தால நீதிமான்னு ரோமர் 3:28, கிரியையும், அதாவது நற்செயலும், வேணும்னு யாக்கோபு 2:24. நூற்றாண்டுக்கணக்கா நடந்த அந்தச் சண்டையிலயும், அடிப்படையில ஒத்துப்போறோம்னு 1999 அக்டோபர் 31-ல கத்தோலிக்கரும் லூத்தரன்களும் கையெழுத்துப் போட்டாச்சு.

மணி அடிக்காதீங்க நடுவரே, ஒரே நிமிஷம். படுத்த படுக்கையா ஒரு தாய்னு வச்சுக்கங்க. அவங்க கத்தோலிக்கம், இளைய மகன் பெந்தெகொஸ்தே. பங்குச் சாமியார் வர்றார், மந்திரிச்ச எண்ணெயை நெற்றியிலயும் ரெண்டு கையிலயும் பூசறார், நோயில்பூசுதல். அவர் போனதும் மகன் பாஸ்டரைக் கூட்டிட்டு வர்றான். அவர் ஒலிவ எண்ணெயை வச்சு, தலையில கை போட்டு, எழுந்து நடக்கணும்னு சத்தமா ஜெபிக்கிறார். ரெண்டு பேரும் கையில எடுத்தது ஒரே வசனம், யாக்கோபு 5:14. மூத்தவன் வாசல்ல முறைச்சுக்கிட்டு நிக்கிறான். பெத்தவளுக்கு எந்த எண்ணெய் சரின்னா தெரியணும்? ரெண்டு புள்ளையும் பக்கத்துல வந்து நிக்கணும். சாமியாருக்கும் ஆமென் சொன்னா, பாஸ்டருக்கும் ஆமென் சொன்னா.

எதிரணி அண்ணன் அந்த அம்மாகிட்டப் போய், "ஆத்தா, இது பலவீனம்"னு சொல்லிட்டு வரட்டும். அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்க நடுவரே. வணக்கம்.