மளிகை விலை ஏறுறதுக்கு லோடுமேன் கூலியா காரணம்?

வணக்கம் மக்களே. போன வீடியோல நெறைய பேரு கேட்டிருந்தீங்க, மளிகை விலை ஏறுனதுக்கு ஏத்துக்கூலி இறக்குக்கூலிதான் காரணம்னு கடைக்காரர் சொல்றாரே, நெசமாவான்னு. அத இன்னைக்கு பேசிடுவோம். நான் இப்ப நிக்கிறது ஜார்ஜ் டவுன், கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் 1996ல கோயம்பேடு போயிடுச்சு, ஆனா மளிகை மண்டி நெறைய இன்னும் இந்தப் பக்கம்தான்.

அந்த அண்ணன பாருங்க. தலையில சும்மாடு, ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் கை குடுத்து மூட்டைய ஏத்தி விடுறாங்க, அவரு அப்படியே பலகை மேல நடந்து போயி அட்டி (அடுக்கி வெச்ச மூட்டைங்க) மேல கொண்டு போட்டுட்டு நிக்காம திரும்பி வர்றாரு. இவருக்கு மணிக்கணக்கு இல்ல, மாசச் சம்பளம் இல்ல, மூட்டைக்கு இவ்ளோன்னு தான் கூலி. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா சங்கமும் வியாபாரிங்களும் உக்காந்து பேசி ரேட்ட ஏத்துவாங்க, அப்பதான் ஏறும், நடுவுல டீசல் என்ன ஏறுனாலும் சரி அரிசி என்ன ஏறுனாலும் சரி கூலி அப்படியே நிக்கும்.

முன்னாடியெல்லாம் 100 கிலோ சாக்கு. அப்புறம் 50 ஆச்சு, அரிசி 25 கிலோ பைக்கு வந்துச்சு. 2022 ஜூலைல 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டாங்க இல்ல, உடனே 26 கிலோ பை வந்துருச்சு! வரிக்காக ஏறுன அந்த ஒரு கிலோவும் இவங்க முதுகுலதான் ஏறுச்சு. ஒரு டன்னுக்கு 10 மூட்டையா இருந்தது 20 ஆகி, இப்ப 38 பைக்கு மேல. அதனால பில்லுல கூலி கூடுன மாதிரி தெரியுது.

ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம், 50 கிலோ மூட்டைக்கு ஒரு கை மாறுறதுக்கு 10 ரூபா. கிலோவுக்கு 20 பைசா. லாரில இருந்து குடோன், குடோன்ல இருந்து கடை, கடைல இருந்து மூணு சக்கர மீன்பாடி வண்டி, மூணு கை, 60 பைசா. அரிசி கிலோ 60 ரூபான்னா நூத்துல ஒரு பங்கு. இதுக்கா இவ்ளோ பேச்சு?

காசு குடுத்து சரக்க நாமளே தூக்கிட்டுப் போற கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடைங்கள்ல இந்தச் செலவே இல்லன்னு சொல்றாங்க, அது எப்படின்னா சில்லறை கடைக்காரரு தானே டிராலி தள்ளி தன் வண்டில தானே ஏத்திக்கிறாரு, அவரு உழைப்புக்கு பில்லு இல்ல, அவ்ளோதான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேற. மகாராஷ்டிரால அண்ணாசாகேப் பாட்டீல் மாதிரி தொழிற்சங்கத் தலைவருங்க போராடி 1969லயே மாதாடி (அங்க மூட்டை தூக்குறவங்கள அப்படித்தான் சொல்வாங்க) சட்டம் வாங்கிட்டாங்க, மும்பைல மளிகை மார்க்கெட்டுக்குன்னே தனி போர்டு இருக்கு. வியாபாரி கூலியோட லெவியும் (கூலிக்கு மேல இத்தனை சதவீதம்னு கட்டுற தொகை) சேத்து போர்டுல கட்டணும், அதுல இருந்து பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் வருது. நம்ம ஊர்ல 1982லயே உடலுழைப்பு தொழிலாளர் சட்டம் வந்துச்சு, நல வாரியமும் இருக்கு, படிப்பு உதவி, 60க்கு மேல பென்ஷன் உண்டு, ஆனா தூக்குற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரி பங்கு இவங்க கணக்குல ஏறுற மாதிரி இல்ல. ஏறணும். கிலோவுக்கு இன்னும் 10 பைசா கூடுனா கூட நான் குடுக்க ரெடி.

நவி மும்பை வாஷி மொத்த மார்க்கெட்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க யாராவது இத பாத்தா, அங்க லெவி ஒழுங்கா கட்டுறாங்களான்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல அத எடுத்து பேசுறேன்.